கேட்காமல் போட்ட படம்

பேரூராட்சிப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் நீங்கள் நாலைந்து பேர் போன மாதம் திண்டுக்கல்லில் என் வீட்டுக்கு வந்திருந்தீர்கள். பேச்சுவாக்கில் உங்களில் ஒருவர் கேட்டார். அலுவலகப் பக்கத்தில் எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று சுற்றறிக்கை வந்திருக்கிறது, படித்துவிட்டோம், நீங்கள் என்ன சொல்கிறீர்கள் மேடம் என்று. சுற்றறிக்கையில் இல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் செயல் அலுவலராக இருந்த கடைசிப் பேரூராட்சி வேடசந்தூர்ப் பக்கம் இருந்தது. ஊர்ப் பெயர் வேண்டாம். வறண்ட ஊர், சுற்றிலும் நூல் மில்கள். காவிரித் தண்ணீர் வாரத்துக்கு ஒரு நாள் ஒரு தெருவுக்கு வரும். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று முன்பெல்லாம் ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போவோம். ஆட்டோ போகிற நேரத்தில் பாதிப் பெண்கள் மில்லில் இருப்பார்கள். வேலை விட்டு வந்து காலிக் குடத்தோடு அலுவலக வாசலில் நிற்பார்கள். அந்தச் சண்டைக்குப் பயந்துதான் வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். வேறு பெரிய நோக்கம் எதுவும் அப்போது எனக்கு இல்லை.

அந்த முதல் ஆண்டை நினைத்தால் இப்போதும் முகத்தில் சிரிப்பு வந்துவிடும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருந்தார். நாங்கள் போடும் அறிவிப்பில் ஒற்றுப்பிழை இருந்தால் தண்ணீர் வந்ததா இல்லையா என்பதைவிட அதுதான் அவருக்கு முக்கியம். "குடிநீர் குழாய் அல்ல, குடிநீர்க் குழாய்" என்று உடனே பதில் வரும். கறிக்கடை பாய் ஒருவர். எந்தத் தெருவில் குழாய் உடைந்தாலும் எங்கள் ஃபிட்டருக்கு முன்னால் அவருக்குத் தகவல் போய்விடும், எங்களுக்கு முன்னால் அவரே பதிலும் சொல்லிவிடுவார். மில் பெண்கள் சாப்பாட்டு இடைவேளையில் வரிசையாகக் கேட்பார்கள், எங்க தெருவுக்கு எப்ப மேடம், எங்க தெருவுக்கு எப்ப. தெருவிளக்கு எரியவில்லை என்று காலையில் படம் வரும், சாயங்காலம் அதே விளக்கு எரிகிற படத்தை நாங்கள் போடுவோம். அதற்கு ஒரு கும்பிடு பொம்மை வரும். முப்பது வருடம் கோப்பு எழுதியவளுக்கு அந்தக் கும்பிடு புதிது. கோப்புக்கு யாரும் நன்றி சொல்லி நான் பார்த்ததில்லை.

அந்த ருசியில்தான் முகநூலிலும் ஒரு பக்கம் தொடங்கினேன். என் கையாலேயே படம் எடுப்பேன், நானே எழுதுவேன். மாவட்ட அளவில் நடக்கும் கூட்டங்களில் எங்கள் பக்கத்தை எடுத்துக்காட்டாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். எனக்கும் கொஞ்சம் தலை கனத்துத்தான் போயிருந்தது.

ஒரு வாரச்சந்தை நாளில் நல்ல மழை. சந்தைக் கழிவெல்லாம் போய் வாய்க்கால் முகத்தை அடைத்துக்கொண்டு, தண்ணீர் பள்ளிக்கூடத் தெருவுக்குள் ஏறத் தொடங்கிவிட்டது. நான் குடையோடு போய்ச் சேர்ந்தபோது தூய்மைப் பணியாளர் நாகம்மாள் ஏற்கெனவே அங்கே நின்றிருந்தார். வளைந்த நீளக் கம்பியை உள்ளே விட்டு முட்டைக்கோஸ் இலையும் சாக்கும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த ஒரு பெரிய பொதியை இழுத்துக்கொண்டிருந்தார். அது பிடுங்கிக்கொண்டு வந்ததும் தண்ணீர் பெரும் சத்தத்தோடு இறங்கிப் போயிற்று. அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் திரும்பிச் சிரித்தார். பச்சை மேல்சட்டை நனைந்து, முகமெல்லாம் மழைத்தண்ணீர். நான் எடுத்த படங்களிலேயே நல்ல படம் அதுதான்.

அன்றைக்கே போட்டேன். பெயர், வார்டு எண் எல்லாம் எழுதி, "நம் பேரூராட்சியின் பெருமை" என்று தலைப்பும் வைத்தேன். எங்கள் மேஸ்திரி, தூய்மைப் பணிகளை மேற்பார்வை செய்பவர், படத்தைப் பார்த்துவிட்டு, "நாகம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டீங்களா மேடம்?" என்று கேட்டார்.

"நல்லதுதானே போட்டிருக்கேன்?" என்றேன்.

அவருடைய கேள்வியை நான் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? இன்றைக்கு நினைத்தால் அதுதான் உறுத்துகிறது.

படம் பரவிற்று. மாவட்டப் பக்கத்தில் எடுத்துப் போட்டார்கள். யார் யாரோ ஹார்ட் போட்டார்கள், சல்யூட் அம்மா என்று எழுதினார்கள். மறுநாள் மேலதிகாரி போனில் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை திண்டுக்கல்லில் ஒரு விழா இருக்கிறது, அந்த அம்மாவை அழைத்து வாருங்கள், மேடையில் சால்வை போடுவோம் என்றார். கண்டிப்பாக அழைத்து வருகிறேன் ஐயா என்று நாகம்மாளைக் கேட்காமலேயே சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை மஸ்டருக்கு, அதாவது வருகைப் பதிவுக்கு, நாகம்மாள் வரவில்லை. எத்தனை வருடமாகவோ ஒரு நாளும் பிந்தாதவர். காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். பத்து மணி வாக்கில் அவருடைய மகள் சத்யா அலுவலகத்துக்கு வந்தாள். வேடசந்தூரில் ஒரு துணிக்கடையில் பில் போடும் பெண். பி.காம் படித்தவள். கணவர் இறந்த பிறகு நாகம்மாள் ஒற்றை ஆளாக நின்று அவளைப் படிக்க வைத்திருந்தார். அவள் உட்காரவில்லை. கையிலிருந்த போனை என் மேசைமேல் வைத்தாள். திரையில் அந்தப் படம்.

"இத போட்டது நீங்கதானா மேடம்?"

நான் ஆமாம் என்றேன். பாராட்ட வந்திருக்கிறாள் என்றுதான் அந்த நொடி வரைக்கும் நினைத்திருந்தேன், பொய் சொல்வானேன்.

அவள் நின்றபடியே சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். வடமதுரையிலிருந்து அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையன் மில்லில் எலக்ட்ரீஷியன். பையனின் அம்மாவும் மில் வேலைக்காரர்தான். இவர்களுடைய சனம்தான், ஆனால் அந்தக் குடும்பம் தெரு கூட்டும் வேலையை விட்டு ஒரு தலைமுறை ஆகிவிட்டது. பொண்ணோட அம்மா என்ன வேலை என்று கேட்டபோது, இடையில் நின்று பேசி முடித்த உறவுக்கார அம்மா மில்லுக்குப் போறாங்க என்று சொல்லிவிட்டார். நாகம்மாள் அதை மறுக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று நாள் பார்த்துக்கொண்டிருந்தாராம். பூ வைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. இப்போது மாப்பிள்ளை வீட்டிலிருந்து, இது யாரு என்று கேட்டு இந்தப் படம் சத்யாவுக்கே வந்திருக்கிறது.

நான் அவசரமாக என் போனை எடுத்தேன். அவள் கண் முன்னாலேயே பக்கத்திலிருந்தும் குரூப்பிலிருந்தும் படத்தை அழித்தேன்.

"நீங்க அழிச்சது உங்க போன்ல இருக்கறத" என்றாள்.

அடுத்து நான் சொன்னதை உங்களிடம் மறைக்கலாம். மறைத்தால் இதை எழுதுவதில் அர்த்தம் இல்லை. பெயரைத் தப்பாகப் போட்டுவிட்டோம், படத்தில் இருப்பது வேறு ஆள் என்று அலுவலகத்திலிருந்து ஒரு திருத்தம் போடட்டுமா என்று கேட்டேன். கோப்பில் ஒரு தேதியை மாற்றி எழுதியதற்காக ஓர் எழுத்தரை நிற்க வைத்துத் திட்டியவள் நான்.

சத்யா வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "எங்கம்மா ஒத்துக்காது." பிறகு போனை எடுத்துத் திரையை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். "இம்புட்டுப் பேரு ஹார்ட் போட்டிருக்காங்க. இதுல ஒருத்தர் வீட்லருந்து என்னையப் பொண்ணு கேட்டு வருவாங்களா மேடம்?"

குரலை உயர்த்தவில்லை. நிஜமாகவே பதில் தெரிந்துகொள்ளக் கேட்டது போலத்தான் இருந்தது. அவள் வேலைக்கு நேரமாயிற்று என்று போய்விட்டாள்.

நாகம்மாள் வீடு தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். நான் போனபோது வாசலில் உட்கார்ந்து ஈரத்தலையை உலர்த்திக்கொண்டிருந்தார். நல்ல சேலை ஒன்று மடித்துப் பக்கத்தில் இருந்தது. எழுந்து நின்றார். உட்காருங்க என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டே நின்றோம். மன்னித்துக்கொள்ளுங்கள் நாகம்மா என்று ஆரம்பித்தேன். அவர் கேட்க விரும்பவில்லை.

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கிருவோம் மேடம். நான் வடமதுரைக்குப் போறேன். அவங்களுக்குத் தெரிஞ்சது தெரிஞ்சுபோச்சு, இனி என் வாயால ஒருக்கா கேக்கட்டும். நீங்களும் வாங்க. கேக்காம போட்டது நாந்தான்னு அங்க வந்து சொல்லுங்க."

யோசித்தேன். அன்றைக்குப் பிற்பகல் மாவட்டத்தோடு காணொலிக் கூட்டம் இருந்தது. ஜீப்பில் போகலாமா என்றேன், அரசு வண்டி வாசலில் வந்து நின்றால் அவர்களை மிரட்ட வந்த மாதிரி இருக்கும் என்று அவர் சொன்னார். அது சரிதான். அரை நாள் விடுப்பு எழுதிவிட்டு டவுன் பஸ்ஸில் கிளம்பினோம்.

எரியோட்டில் பஸ் செத்த நேரம் நின்றபோது, ஜன்னலோரம் பூக்கூடையைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார். "இந்த மாதிரிக் காரியத்துக்குப் போனா பூ வாங்கிட்டுப் போறதா, வெறுங்கையோட போறதா மேடம்?" எனக்கும் தெரியவில்லை. கடைசியில் வாங்கினார். வாங்கியதைப் பைக்குள் அடியில் வைத்தார்.

மாப்பிள்ளையின் அம்மா அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சுத்தூசி இன்னும் இருந்தது. பையன் வேலையில் இருந்தான். பையனின் பெரியப்பா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாகம்மாள் உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். நான் மில்லுக்குப் போகவில்லை, பேரூராட்சியில் தூய்மைப் பணி, போட்டோவில் இருப்பது நான்தான், முன்னமே சொல்லாதது என் தப்பு என்று. அதற்குப் பிறகு நான் என் பங்கைச் சொன்னேன். நல்ல வேலைக்காரர், நிரந்தரப் பணி என்றெல்லாம் நான் அடுக்க ஆரம்பித்ததும் நாகம்மாள் என் கையைத் தொட்டு நிறுத்தினார். சான்றிதழ் கொடுக்கவா அழைத்து வந்தேன் என்பது போலிருந்தது.

பெரியப்பா மரியாதையாகத்தான் பேசினார். எங்கள் அப்பா இந்த வேலையை விட்டு வெளியே வர என்ன பாடுபட்டார் என்று எங்களுக்குத் தெரியும், வெளியே வந்த வீட்டுக்குள் மறுபடியும் அதைக் கொண்டுவர முடியாது, தப்பாக நினைக்காதீர்கள் என்றார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருடைய பயம் எங்கிருந்து வந்தது என்று அந்த அறையில் தெரியாதவள் நான் ஒருத்திதான்.

பையனின் அம்மா தலையிலிருந்த பஞ்சுத்தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டார். பிறகு நாகம்மாளைப் பார்த்து, "நான் உங்கள மில்லுல தேடுனேன்க்கா" என்றார். "சம்மந்தியாகப் போறோம், ஒண்ணா உக்காந்து சாப்பிடுவோம்னு. ரெண்டு மாசமா பஸ்ஸுல ஒவ்வொரு மூஞ்சியாப் பாத்துக்கிட்டு வாரேன். எந்த டிபார்ட்மெண்ட்டுன்னு பிள்ளைககிட்டல்லாம் கேட்டேன்."

நாகம்மாள் அதுவரைக்கும் தைரியமாகத்தான் இருந்தார். அதைக் கேட்டதும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

காபி கொடுத்தார்கள். குடித்தோம். பஸ் நிறுத்தம் வரைக்கும் அந்த அம்மா கூடவே வந்தார். பஸ் வருகிற நேரத்தில் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "போட்டோ நல்லாத்தான் இருந்துச்சு மேடம். யாருன்னு கவனிக்காம நானே மொதல்ல ஹார்ட் போட்டுட்டேன். பெறகுதான் பேரப் பாத்தேன்."

அந்தச் சம்பந்தம் அதோடு நின்றது.

அடுத்த நாள் மேலதிகாரியைக் கூப்பிட்டு, அந்த அம்மா விழாவுக்கு வரமாட்டார்கள், மாவட்டப் பக்கத்திலிருந்தும் படத்தை எடுத்துவிட வேண்டும் என்றேன். அழைப்பிதழ் அடித்தாயிற்று, பாராட்ட வேண்டாம் என்று யாராவது சொல்வார்களா என்று கோபப்பட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அந்த வாரத்தில் ஏற்கெனவே ஒரு பொய்க்கு வாய் திறந்திருந்தேன். இரண்டாவது வேண்டாம் என்று, "நாம அவங்களக் கேக்கவே இல்ல ஐயா. தப்பு என்னோடது" என்றேன். வேறு யாரையாவது கூட்டி வாருங்கள் என்று போனை வைத்தார்.

இந்த முறை மஸ்டரில் எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டேன். படம் வரும், பத்திரிகையில் வரலாம், உறவுக்காரர்கள் பார்ப்பார்கள், யாருக்குச் சம்மதம்? சிலர் வேண்டாம் என்றார்கள். காரணம் கேட்கவில்லை. குப்பை வண்டி ஓட்டும் ஒருவர் மட்டும் நான் வாரேன் மேடம் என்று முன்னால் வந்தார். வெள்ளிக்கிழமை அவர் வீட்டில் எல்லோரும் புதுத்துணி கட்டிக்கொண்டு வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். சால்வையோடு அவர் நிற்கும் படத்தைப் பிரேம் போட்டு இன்றும் வீட்டில் மாட்டி வைத்திருக்கிறார். ஆகவே படமே போடாதீர்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரே சால்வைதான். ஒருவருக்கு அது பண்டிகை, இன்னொருவருக்கு மகளின் வாழ்க்கை. எது யாருக்கு என்பது நம் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தால் தெரியாது.

குரூப்பில் என்ன எழுதுவது என்றுதான் அதிக நேரம் யோசித்தேன். யாரிடமும் சொல்லாமல் விட்டால் படம் அப்படியே சுற்றிக்கொண்டிருக்கும். சொன்னால் பார்க்காதவர்களும் தேடிப் பார்ப்பார்கள். மேஸ்திரியை நாகம்மாளிடம் அனுப்பிக் கேட்டேன். பெயர் இல்லாமல் எழுதச் சொன்னார். இப்படி எழுதினேன்: "பணியாளர் ஒருவரின் படத்தை அவருடைய சம்மதம் கேட்காமல் நான் வெளியிட்டேன். தவறு என்னுடையது. வைத்திருப்பவர்கள் அழித்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன்."

பாராட்டினதில் என்ன தவறு என்று சிலர் வாதாடினார்கள். தமிழாசிரியர், மேடம் கேட்டதைச் செய்யுங்கள், விளக்கம் கேட்காதீர்கள் என்று எழுதினார். கறிக்கடை பாய், "அழிச்சிட்டேன்" என்று ஒரே சொல் போட்டார். அதன் பின்னால் இன்னொருவர் அழிச்சிட்டேன். பிறகு இன்னொருவர். மில்லில் சாப்பாட்டு இடைவேளை வந்தபோது அந்தப் பெண்கள் வரிசையாக, அழிச்சிட்டேன் மேடம், அழிச்சிட்டேன் மேடம் என்று எழுதினார்கள். மதியம் முழுக்க அது வந்துகொண்டே இருந்தது. கோப்பை மூடி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஊர் மக்களை இப்போதும் நான் தேடுவது எதற்கு என்று என் பிள்ளைகள் கேட்பார்கள். அந்த மதியத்துக்குத்தான்.

மாவட்டப் பக்கத்திலிருந்து படத்தை எடுக்க இரண்டு கடிதம் எழுத வேண்டியிருந்தது. மேலதிகாரி அதன் பிறகு கூட்டங்களில் எங்கள் பக்கத்தைக் குறிப்பிடுவதை நிறுத்திவிட்டார். அது எனக்கு வலிக்கவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள்.

நாகம்மாள் திங்கட்கிழமை மஸ்டருக்கு வந்தார். அதே நேரம், அதே பச்சை மேல்சட்டை. வேலையைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்வார். அதற்கு மேல் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் பல மாதம் ஓடிற்று. அதை அவருடைய உரிமை என்று விட்டுவிட்டேன். திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்பதும் ஒரு தொந்தரவுதான். தவறு செய்த இடத்தில் நீங்கள் செய்யக்கூடியது, அதே தவறு இன்னொருவருக்கு நடக்காமல் பார்த்துக்கொண்டு, பேசாமல் இருப்பது.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது ஒரு நாள் மதியம் நாகம்மாள் என் அறைக்கு வந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, மஞ்சள் தடவிய பத்திரிகை. சத்யாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை திண்டுக்கல்லில் லேத் பட்டறை வைத்திருக்கிறார். பத்திரிகையைப் பிரித்தேன். பெண்ணின் பெயருக்குக் கீழே, தாயார் நாகம்மாள் என்று போட்டு, அடுத்த வரியில் "தூய்மைப் பணியாளர், பேரூராட்சி" என்று அச்சடித்திருந்தது.

நான் நிமிர்ந்து பார்த்ததும் அவரே சொன்னார். "நான் வேணாம்னுதான் சொன்னேன் மேடம். சத்யாதான் கேக்கல. வர்றவங்க தெரிஞ்சே வரட்டும்னுட்டா."

"ரொம்பச் சந்தோஷம் நாகம்மா" என்றேன். மேசைமேல் போன் இருந்தது. ஊரே பார்க்க வேண்டிய பத்திரிகை என்று எனக்குத் தோன்றியது. அதனால் கேட்டேன். "இத குரூப்புல போடலாமா?"

அவர் பத்திரிகையைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். நிதானமாக யோசித்தார். என்னிடம் அவர் அவ்வளவு நிதானமாக யோசித்துப் பதில் சொன்னதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. யோசிக்க நான் அதற்கு முன் இடம் கொடுத்ததும் இல்லை.

"வேணாம் மேடம்" என்றார். "கூப்பிட வேண்டியவங்கள நானே வீடு வீடாப் போயிக் கூப்பிட்டுக்கிறேன்."

சரி நாகம்மா என்று சொல்லி, பத்திரிகையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.